வாசல் வரைக்கும் தார்

மே 3, வியாழன்

காலையிலேயே வெயில். நாளை கத்திரி ஆரம்பம், டீக்கடை காலண்டரில் பார்த்தது. இன்றைய வேலை எங்கள் சந்து. நல்லூரில் பாதித் தெருக்களுக்கு நான் மேற்பார்வைக்கு நின்று ரோடு போட்டாயிற்று, இப்போதுதான் சொந்த வாசலுக்கு. சாந்தா இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாள். தை மாதம் மஞ்சள் காமாலையில் போனாள். இதை எழுதும்போது மனசுக்குள் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் சந்தைக் கூட்டி, கம்ப்ரசரில் தூசியை ஊதிவிட்டு, பசை அடித்தோம். தண்ணீராகக் கரைத்த தார்தான் அது. அடிக்கும்போது காப்பி நிறம், கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். இது ஒட்டினால்தான் மேலே போடும் கலவை பழைய ரோட்டைப் பிடிக்கும். வழக்கமாகக் கலவை தயாராகும் பிளான்ட்டிலிருந்து லோடு கிளம்பியது என்று போன் வந்த பிறகுதான் அடிப்போம். இன்று வேலைப் பையன்கள் "அடிச்சரலாங்களா?" என்றார்கள். சரி என்றேன். அடித்து முடித்த பிறகு போன்: பிளான்ட்டில் பர்னர் போச்சு, ஜல்லி சூடாகவில்லை, லோடு நாளைக்கு.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "காலையில வாசல் தெளிக்க வேண்டாமுங்க, தார் பிடிக்காது." எல்லாரும் ஆகட்டுங்க என்றார்கள். எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்கா, "சொல்லோணுங்களா, நமக்குத்தானுங்க ரோடு" என்றது. எங்கள் வீட்டில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. தை மாதத்திலிருந்து எங்கள் வாசலில் தண்ணீர் விழவில்லை.

வெள்ளகோவிலிலிருந்து மச்சான் போன். சாந்தாவின் அண்ணன். "வர்ற வாரம் போய் அடுத்த ஞாயிறு நாள் நல்லாருக்குது மாப்ள. வந்து மலரைக் கூட்டிட்டுப் போயிர்றேன். பத்தாவது இங்கயே படிக்கட்டும். வயசுக்கு வந்த புள்ள. நீங்க விடிஞ்சா தார் வண்டியோட போயிர்றீங்க."

சரிங்க என்றேன்.

மலர் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போனை வைத்ததும், "நான் போகோணுங்களாப்பா?" என்றாள். "உன் இஷ்டம் கண்ணு" என்றேன். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மே 4, வெள்ளி

வாசலுக்கு வந்தால், எங்கள் வாசல் நீங்கலாகச் சந்து முழுக்கச் சாணி தெளித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை. கத்திரியோ தாரோ, கை சும்மா இருக்குமா? சந்து குறுகல், இந்தப் பக்கம் தெளித்தது பாதி, அந்தப் பக்கம் தெளித்தது பாதி. பசையின் மேல் பச்சையாக ஒரு பூச்சு. பாப்பாத்தி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, "தூக்கக் கலக்கத்துல தெளிச்சுப்போட்டனுங்க. கோலம் போடறப்பத்தான் நெனப்பு வந்துச்சு" என்றது. கோலம் வேறு.

நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிட்டது. ரோலர் டிரைவர் பவுல்ராஜ், தூத்துக்குடிப் பக்கம், விரலால் தேய்த்துக் காட்டினார். "அண்ணாச்சி, பவுடர் பூசுன மாரி இருக்கு. இதுக்கு மேல போட்டா நிக்காது." தெரியும். கழுவ வேண்டும், காய வேண்டும், மறுபடி பசை அடிக்க வேண்டும். மத்தியானம் ஆகிவிடும். ஆனால் பர்னர் சரியாகி இரண்டு டிப்பர் ஏற்கெனவே கிளம்பிவிட்டன. தார்ப்பாய் போட்டு மூடினாலும் எவ்வளவு நேரம் சூடு நிற்கும்? ஆறிப்போன கலவை இட்லி மாவில்லை, எடுத்து வைத்து நாளைக்கு ஊற்ற.

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன்.

"காஞ்சிருச்சில்லீங்க?"

"காஞ்சிருச்சுங்க. ஆனா சாணி..."

"அப்பறமென்னங்க, போடுங்க."

"சரிங்க."

போட்டோம். கலவையைப் பரப்பும் பேவர் மிஷின் சந்துக்குள் நுழையாது, மண்வெட்டியும் இரும்பு வாரியும்தான். தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன், சூடு சரியாக இருந்தது. ரோலர் சக்கரத்தில் கலவை ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே பவுல்ராஜ் ஓட்டினார். பார்க்க அழகாக வந்தது. தெருப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடிப் பார்த்துக் கத்தினார்கள்.

இந்த "சரிங்க" எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. யார் எது கேட்டாலும் வந்துவிடுகிறது.

மே 5, சனி

பிளான்ட்டில் நாள் முழுக்க. காங்கயம் ரோட்டில் இருக்கிறது, போகும்போதே வாசனை. டிரம் சுற்றுகிறது, உள்ளே தீ, ஜல்லி காய்கிறது, அந்தப் பக்கம் தார் கொதிக்கிறது, இரண்டும் கலந்து டிப்பரில் விழுகிறது. சூடு மீறினால் நீலப் புகை, தார் கருகிவிட்டது என்று அர்த்தம். குறைந்தால் ஜல்லியில் தார் ஏறாது, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அளவான சூடு என்று ஒன்று எல்லாவற்றுக்கும் இருக்கிறது. எனக்குத்தான் எதுவும் சுடுவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோல.

வாங்க வேண்டியது: உப்பு, மண்ணெண்ணெய், மலருக்கு ஹேர்பின், கொசுவத்தி.
ஹேர்பின் மறந்துவிட்டேன்.

மே 8, செவ்வாய்

மலர் பையில் துணி அடுக்குகிறாள். கொஞ்சம் எடுக்கிறாள், கொஞ்சம் திரும்ப வைக்கிறாள். சாந்தாவின் பச்சைச் சேலை பையில் இருந்தது. பிறகு பீரோவில் இருந்தது. நான் பேப்பர் படித்தேன். ஒரே பக்கத்தை.

மே 10, வியாழன்

ரோடு உரிகிறது.

பனியன் கம்பெனிக்குத் துணி பண்டல் ஏற்றி வந்த டெம்போ ஒன்று சந்தில் திரும்ப பிரேக் போட்டிருக்கிறது. சக்கரத்தின் கீழே கல்லில் ஒட்டாத தோசை மாதிரி தார் மொத்தமாக வழுக்கி நகர்ந்திருக்கிறது. கையால் எடுத்தால் தட்டு தட்டாக வருகிறது. அடியில் பச்சை. பாப்பாத்தி அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பாவம், அதன் தப்பா? தெரிந்தே போட்டவன் நான்.

மே 11, வெள்ளி

ஆபீஸிலிருந்து ஜே.இ. வந்து பார்த்தார். சின்ன வயசு இன்ஜினியர், திட்டவில்லை. "இத்தன வருஷம் சர்வீஸ்ல இருக்கீங்க, நீங்க நின்னு இப்படி ஆகலாமுங்களா சார்?" என்றார். திட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் லீவு, சந்தில் வண்டி வராது. அன்று மொத்தமும் பெயர்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதே ஞாயிறு. மச்சான் வருகிற ஞாயிறு.

இன்று யாரும் வாசல் தெளிக்கவில்லை. ரோடே போன பிறகு.

மே 13, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், மறந்து போகும் முன்.

காலையில் சந்து முனையிலிருந்து கடப்பாரை போட்டோம். போடவே வேண்டியதில்லை, நுனியை நெம்பினால் பாய் சுருட்டுவது போல வந்தது. ஒவ்வொரு வாசலாக. பாப்பாத்தி அக்கா வாசல் முழுசாகக் கழன்றது. எங்கள் வாசலுக்கு வந்ததும் பவுல்ராஜ் கடப்பாரையைக் குத்தினார். டங் என்று திரும்பி வந்தது. இன்னொரு தடவை. பொறி பறந்ததே தவிர ரோடு அசையவில்லை.

"இது வரமாட்டேங்கு அண்ணாச்சி. இங்கன மட்டும் எப்படி இப்படிப் புடிச்சிருக்கு?"

அவருக்குத் தெரியாது. சந்துக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் எங்கள் வாசலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள். பாப்பாத்தி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. சந்திலேயே தண்ணீர் விழாத ஒரே வாசல். கறுப்பாக, கெட்டியாக, ஒரு கோடு கூட விழாமல் நிற்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேல் வெயில். அழுகை எப்போது வந்தது என்று தெரியவில்லை. பையன்கள் கடப்பாரையை வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். சாந்தா செத்த அன்று வராதது. தார் சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. சாந்தா போய்விட்டாள். மலரும் போகப்போகிறாள், நான் சரிங்க சொன்னதால்.

மச்சான் அப்போதுதான் பஸ் இறங்கி வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெயர்த்துப் போட்ட கட்டிகளைத் தாண்டித் தாண்டி.

"என்ன மாப்ள இது, வெயில்ல உக்காந்துட்டு? புள்ள ரெடியாயிட்டாளா?"

"இல்லீங்க மச்சான்."

"சாயங்கால பஸ்சுக்குப் போலாம், அவசரமில்ல."

"இல்லீங்க. அனுப்பலீங்க. எம்பட புள்ள என்கூடத்தான் இருப்பா."

மச்சான் வேட்டியை இறக்கிவிட்டார். "தனியா எப்படிங்க பார்ப்பீங்க?" என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. வாசற்படியில் மலர் நின்றிருந்தாள், தோளில் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. பையைக் கீழே வைத்தாள். மாமனுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

மத்தியானம் லோடு வந்தது. இந்தத் தடவை கழுவி, காயவைத்து, லோடு கிளம்பிய போன் வந்த பிறகுதான் பசை. பவுல்ராஜ் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். மட்டத்துக்காக எங்கள் வாசலையும் வெட்டி எடுக்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

மச்சான் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்சுக்குப் போனார். முகம் சரியில்லை. போகும்போது மலர் தலையில் கை வைத்துவிட்டுத்தான் போனார்.

மே 15, செவ்வாய்

மேகம். ஹேர்பின் வாங்கியாயிற்று.

ரோடு பிடித்து நின்றுவிட்டது. நேற்று டெம்போ திரும்பியும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வாசல் மட்டும் கொஞ்சம் பள்ளம், கொஞ்சம் வெளுப்பு. இனி யாரும் என்ன வேண்டுமானாலும் தெளிக்கலாம் என்று நேற்றுச் சாயங்காலமே எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

இன்று விடியும் முன்பு வெளியே வாளிச் சத்தம். பிறகு தண்ணீர் விழும் சத்தம், விட்டு விட்டு, பழக்கமில்லாத கை. படுத்தே இருந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு கோலம், ஒரு பக்கம் கோணல். மிதிக்காமல் ஓரமாக இறங்கி நடந்தேன்.