நாற்பத்தாறு கிலோ எலினா

ராஜபாளையம்
6.1.2025

ஜோதிக்கு,

நீ சுகமா? நான் மிதக்கிறேன்.

கேலி இல்லை. போன மாதம் உங்கள் ஆஸ்பத்திரியில் வலிப்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து தரை சற்றுத் தள்ளி இருக்கிறது. சக்கர நாற்காலி ஓடுகிறதா, தெரு ஓடுகிறதா, தெரியவில்லை. சஞ்சீவி மலை இரண்டாகத் தெரிகிறது. ஒன்றின் மேல் இன்னொன்று மெதுவாகச் சாய்கிறது. பயமாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

போனில் நாக்கு குழறுகிறது. அம்மா கேட்டு அழுகிறாள். அதனால் கடிதம்.

எடைக்குத் தக்க அளவுதான் என்கிறார் டாக்டர். சீட்டில் 46 என்று இருக்கிறது. என்னை எப்போது எடை போட்டீர்கள், ஜோதி? உங்கள் மிஷினில் நின்றால்தானே எடை. நான் என்றைக்கு நின்றேன்?

மிதந்தபடி,
எலினா


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.1.2025

என் எலினாவுக்கு,

எழுத்தும் கொஞ்சம் குழறித்தான் இருக்கிறது. சொல்லாமல் விட மாட்டேன்.

இங்கே மூச்சு விட நேரமில்லை. ஊரே பொங்கலுக்குள் காய்ச்சலை முடித்துவிட வேண்டும் என்று வரிசையில் நிற்கிறது. புது அளவு உடம்புக்குப் பழகச் சில வாரம் ஆகலாம். எடை பழைய சீட்டிலிருந்து வந்திருக்கும். அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நன்றாகச் சாப்பிடு.

பொங்கலுக்கு மறுநாள் வாரேன்.

ஜோதி


ராஜபாளையம்
21.1.2025

ஜோதி,

நீ வரவில்லை. தெருவில் போன ஒவ்வொரு ஸ்கூட்டியும் இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் நீ இல்லை.

நேற்று என்னை நானே நிறுத்துப் பார்த்தேன். நான் கணக்கு எழுதும் பஞ்சு கிட்டங்கியில், பொதி நிறுக்கும் மேடை தரையோடு தரையாக இருக்கிறது. நாற்காலியோடு உருண்டு ஏறினேன். எடை போடும் ஐயாதுரை அண்ணன், "ஏத்தா, பாத்து உக்காரு. பொதின்னு நெனச்சு லாரியில ஏத்திருவானுவ" என்றார்.

சேர்த்து 49. பிறகு நான் ஸ்டூலுக்கு மாறினேன். நாற்காலி மட்டும் 18.

அவர் சிரிக்கவில்லை. "முப்பத்தொண்ணு தானா தாயி?"

தினமும் பொதிகளுக்கு அரைக் கிலோ பிசகாமல் எழுதுகிறேன். எனக்கு மட்டும் குத்துமதிப்பு.

சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த நான்கை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்படித்தான் எழுதுவாய், தலையை மூடி, வாலை இழுத்து.

நீயா?

எலினா


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.1.2025

எலினா,

நான்தான்.

முதலில் மாத்திரை. உன் எடை 31 என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நேற்று டாக்டர் போனில் உன் அம்மாவிடம் சொன்ன அளவுதான் இனி. ரத்தப் பரிசோதனைக்கு மறக்காமல் போ. நீயாக எதையும் நிறுத்தாதே.

இரண்டு வருடம் முன்பு, நீ முதல் தடவை வந்த அன்று, உனக்கு முன்னால் தேவதானத்து அக்கா ஒருத்தி. அழகுத்தாய். வார்டில் வேலை செய்யும் ராக்கப்பன் அண்ணன் அக்குளில் கை கொடுத்து அவளை மிஷின் மேல் நிறுத்தப் பார்த்தார். சேலை விலகியது. வரிசை முழுக்கப் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து உன் பெயர். "அந்தப் பிள்ளையத் தூக்கவா சிஸ்டர்?" என்றார். வேண்டாம்ணே என்று சொல்லி 46 எழுதினேன். அன்று என் எடை 52. என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பாய் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு தடவையும் அதையே பார்த்து எழுதினேன்.

பிரியத்தில் செய்தேன் என்று எழுத அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான்.

பதிவேட்டைப் புரட்டினேன். நடக்க முடியாதவர்கள் இருபத்து மூன்று பேர். 45, 50, 45, 40. எல்லாம் என் கையெழுத்து இல்லை. என்னுடையதும் இருக்கிறது. நாற்காலியோடு ஏறும் மிஷின் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் நான் செய்ததை எழுதினேன். மெமோ வரும் என்கிறார்கள்.

இனி நீ வேறு ஆஸ்பத்திரி பார்த்தால் எனக்குப் புரியும்.

ஜோதி


ராஜபாளையம்
14.2.2025

ஜோதிக்கு,

மூன்று நாளாகத் தரை அதன் இடத்தில் இருக்கிறது. பொருள்களுக்கு ஓரம் வந்துவிட்டது. மிதந்ததை நினைத்தால் செத்த நேரம் ஏக்கமாகவும் இருக்கிறது. பதினைந்து கிலோ கூடுதலான ஒருத்தி எனக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மாத்திரையை நான் விழுங்கினேன்.

கோபம் இருக்கிறது. ஆனால் அது நீ தேடுகிற இடத்தில் இல்லை. ஏட்டி, தூக்கவா வேண்டாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கப்படுவதா என்பதை நான் முடிவு செய்திருப்பேன். எனக்காக நீயே வெட்கப்பட்டு முடித்துவிட்டாய்.

வேறு ஆஸ்பத்திரி பார்க்கவில்லை. மிஷின் வருகிறபோது வரட்டும். செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் வாரேன். சுடிதார் டாப்பை ஊக்கு குத்தி வாரேன். ராக்கப்பன் அண்ணன் முதலில் தனியாக மிஷினில் ஏறட்டும். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும். முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை. அவரிடம் நானே சொல்வேன். கழித்தால் நான்.

நீ பக்கத்தில் நின்று எண்ணை வாசி. வரிசைக்கே கேட்கிற மாதிரி.

நான் கண்ணைத் திறந்துதான் இருப்பேன்.

எலினா