படங்குச் சாக்கு

மும்பை
8.8.2001

அன்புள்ள அம்மாவுக்கு ஜெகதீசன் வணக்கத்தோட எழுதறது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி குறைஞ்சுதா? மூடின தேயிலை ஃபேக்டரியைத் திறந்துட்டாங்களா, இல்லை இன்னும் எமரால்டு ஊருக்குக் காரட் பிடுங்கத்தான் போறீங்களா? வேலை தேடிப் போன அப்பாகிட்ட இருந்து ஏதும் சேதி வந்துச்சா?

என் வேலை லேசுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே இடத்துல நின்னு, உயர்ற கட்டடத்தை போட்டோ எடுக்கணும். இருபத்தாறு மாடி வந்தாச்சு.

இந்த வாரம் எடுத்த படத்துல ஒரு வேடிக்கைம்மா. உச்சியில ஒருத்தர், முகம் தெரியாத தூரத்துல, இடுப்புல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டு நிக்கறார். நம்ம தோட்டத்துல தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போறவங்க பனிக்குக் கட்டுவாங்களே, அதேதான். இந்த ஊர் வெயிலுக்கு அதை யார் கட்டுவா? மேஸ்திரிகிட்ட படத்தைக் காட்டினேன்.

"சாக்கு கட்டற தமிழாளா? அவர் போன மாசமே போயிட்டாரேப்பா."

எந்த ஊருக்குன்னு கேட்டேன். மேஸ்திரி ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டார். பேர் யாருக்கும் தெரியலை.

நீங்க பயப்படாதீங்க. யாராவது இந்தப் பக்கம் வந்தா அரைக் கிலோ தூள் குடுத்து விடுங்க, இங்க டீயில வாசமே இல்லை. அப்பறம், அப்பாவோட படங்கு கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குமே, இப்பவும் இருக்குதான்னு பாருங்க.

தபால் எடுக்க ஆள் வந்துட்டாரு, முடிக்கறேன். படங்கு இல்லைன்னாலும், இருக்குதுன்னே எழுதுங்கம்மா.

ஜெகதீசன்