தள்ளிப்போன அறுவை

மார்ச் 4
இன்று லிஃப்ட் பழுது பார்க்கும்போது கையிலிருந்த ஸ்பானர் நழுவிவிட்டது. திங்கட்கிழமை என் மனைவி ஹே-ரானுக்குக் கணையத்தில் இருக்கும் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சை. ஸ்கேனைப் பார்த்துவிட்டு சர்ஜன் பியோன் "எடுத்துடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறோம். அதற்குள் நாளை இன்னொரு சோதனையாம். வாய்வழியாகக் குழாய் விட்டு, இரைப்பைக்குள்ளிருந்தே அல்ட்ராசவுண்டு பார்ப்பார்களாம். இது எதற்கு?

மார்ச் 5
குழாய் விட்டுப் பார்த்தவர் 'நாம்' என்ற பெயருடைய டாக்டர் — சின்னப் பெண். திரையில் ஒரு கருப்பு வட்டத்தைக் காட்டினார்.

"இது பெரிய ரத்தக்குழாய். கட்டி இதோட ஒட்டிக்கிட்டிருக்கு. முதல்ல எடுத்த ஸ்கேன்ல இது தெரியல. இப்ப வெட்டினா கொஞ்சம் உள்ளயே தங்கிடும். மருந்து ஏத்திச் சுருக்கிட்டு அப்புறம் பார்க்கலாம்."

"அதை உள்ள வச்சுக்கிட்டு மாசக்கணக்கா உக்காரச் சொல்றீங்களா?" — கத்திவிட்டேன்.

பியோனும் அவர் பக்கமே பேசினார். திங்கட்கிழமை அறுவை இல்லை.

மார்ச் 8
சியோலில் வேறொரு சர்ஜனைப் பிடித்தேன். உடனே வரச் சொன்னார்கள். ஹே-ரான் கத்தரிக்கோலால் கிம்ச்சி ஊறுகாய்க் கோஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏங்க, வயிறு யாரோடது?"

"உன்னோடதுதான்."

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னபடியே நடக்கட்டும். எனக்குப் பயமில்லேன்னு நினைக்காதீங்க. நீங்க துடிக்கிற துடிப்புல நான் பயப்பட இடமே இல்ல!"

சியோலுக்குப் போன் செய்து வேண்டாமென்றேன்.

ஏப்ரல் 19
மருந்து ஏற்றியதிலிருந்து அவளுக்கு வாந்தி. கஞ்சிகூட இறங்கவில்லை. தப்பு பண்றோமா?

ஜூன் 2
அவளுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. என் வழுக்கையைத் தட்டி, "இப்பத்தான் ஜோடிப் பொருத்தம்" என்கிறாள். சிரித்தேன். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 21
மறுபடி அதே குழாய். டாக்டர் நாம் வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"சுருங்கியிருக்கு. ஆனா ரத்தக்குழாய் ஓரமா இருக்கிறது தழும்பா, மிச்சக் கட்டியான்னு படத்துல சொல்ல முடியல. சும்மா தைரியம் சொல்ல மாட்டேன். திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

செப்டம்பர் 9
காலையில் உள்ளே கொண்டுபோனார்கள்.

"கட்டியை ரத்தக்குழாய்லேர்ந்து பிரிக்க முடியலேன்னா அப்படியே மூடிடுவோம். சீக்கிரமே உங்களக் கூப்பிட்டுடுவோம்" என்றார் பியோன்.

ஒலிபெருக்கி கரகரத்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யார் யாரோ பெயர்கள். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார்கள், பதறி ஓடினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கூப்பிடாதீங்க, கூப்பிடாதீங்க...

மதியம் தாண்டிவிட்டது. திரையில் அவள் பெயருக்கு எதிரே இன்னும் 'அறுவை நடக்கிறது'. என்னைக் கூப்பிடவில்லை; அப்படியென்றால் மூடவில்லை.

கீழே போய், மாட்டெலும்புச் சூப்பில் சோற்றைக் கொட்டி, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டேன்.