பூனை மிதித்த டிரிக்கர்

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். ஒன்பது தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. பத்தாவது தடவை உங்கள் அக்கா எடுத்து, தம்பி குளிக்கிறான் என்றார். நாலு நாளாகவா குளிக்கிறீர்கள் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கடிதம் என்றால் குளித்துவிட்டு வந்தும் படிக்கலாம். கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே வந்துவிடும்.

இங்கே உங்கள் அம்மா நலம். முட்டிவலித் தைலம் தீர்ந்தது, வாங்கிவிட்டேன். நீங்கள் திருத்தாமல் விட்டுப்போன கணக்கு விடைத்தாள்களைத் தொடவில்லை, தூசி மட்டும் தட்டினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸில் நான் கட்டும் கம்ப்யூட்டர் கேமில் ஒரு வீடு வருகிறது. அதன் வாசல்படியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் கால் வைத்ததும் என்ன நடக்கவேண்டும் என்று எழுதிவைப்பேன். கதவு திறக்கலாம், விளக்கு எரியலாம். இதற்கு டிரிக்கர் என்று பேர். இந்த டிரிக்கருக்கு, உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல், என் சாவியைப் பாத்தியா என்று கேட்கவேண்டும். ஒரே ஒரு தடவை.

‘விளையாடுகிறவர் நுழைந்தால்’ என்று போடவேண்டிய இடத்தில் ‘யார் நுழைந்தாலும்’ என்று விட்டுவிட்டேன். ‘ஒரு தடவை மட்டும்’ என்பதையும் டிக் பண்ணவில்லை. நான் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஏனென்றால் அப்போது பூனை இல்லை. கேமை எல்லாருக்கும் போட்டுக்காட்டிய விழாவுக்கு முந்தின நாள் எங்கள் டீம் லீடர், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று கேமுக்குள் ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் அவசரம். அந்தப் பூனை வாசல்படியில் போவதும் வருவதுமாக இருந்துவிட்டது. பெரிய திரையில் முப்பத்தோரு தடவை உங்கள் குரல் சாவி கேட்டது. முன்வரிசையில் இருந்த உங்கள் அம்மா, இன்னுமா அவனுக்குக் கிடைக்கல என்று சத்தமாகக் கேட்டதற்கு நான் பொறுப்பில்லை.

எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பழியை எல்லாம் பூனை மேல் போட்டிருக்கிறேன். பூனை என்ன செய்யும், பாவம். என் பெண்டாட்டி செய்த கேம் என்று உங்கள் ஸ்கூல் டீச்சர்கள் அத்தனை பேரையும் நீங்களே கூட்டிவந்தீர்கள். அவர்கள் சிரித்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். கிளம்பும்போது, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னீர்கள். அதுதான் நிஜம். நீங்கள் சாவி தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது உங்கள் குரலைத் திருட்டுத்தனமாகப் பதிவு பண்ணினேன். கேட்டால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற மாதிரி பேசுவீர்கள் என்று பயம். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள்.

மறுநாளே குரலை எடுத்துவிட்டேன். அவசரம் குதிக்கிறார். ஜனங்கள் சிரித்த ஒரே இடம் அதுதானாம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் குரலைத் திரும்பப் போடாவிட்டால் வீட்டையே வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். நான் முதன்முதலில் தனியாகக் கட்டிய வீடு அது. நேற்று ஒரு நடிகரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். செய்தி வாசிக்கிற மாதிரி சாவி கேட்டார். வாழ்க்கையில் எதையும் தொலைத்த ஆள் மாதிரி தெரியவில்லை. என் வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் குரல் வரும், இல்லையென்றால் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பதிவை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்டேன். ஒரு தடவை என்பது பொய். நாலு நாளாக இந்த வீட்டில் எதையும் தேடித்தா என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உங்கள் அம்மாகூட மூக்குக்கண்ணாடியைத் தானே எடுத்துக்கொள்கிறார். நான் தினமும் நேரத்துக்கு ஆபீஸ் போய்விடுகிறேன். நன்றாகவே இல்லை.

வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும். சரி என்றால் போனில் சொன்னால் போதும். வேண்டாம் என்றால் மட்டும் நேரில் வந்து சொல்லுங்கள்.

வேண்டாம் என்றே சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி