மிச்சம் வைத்த மாத்திரைகள்

மதினிக்கு,

நேற்றுச் சாயங்காலம் டிவியில் ஒரு நாத்தனார் தன் அண்ணன் பெண்டாட்டியின் மாத்திரை பாட்டிலை மாற்றி வைத்தாள். வைத்துவிட்டு நேரே என்னைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் இடி இடித்தது. மதினிக்குப் பைத்தியம் என்று ஊரை நம்பவைத்து, சொத்தை எழுதி வாங்குவது அவள் திட்டம். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். ரிமோட் என் கையிலேயேதான் இருந்தது. ஆனாலும் எழுந்து போனேன்.

மூன்று மாதமாக அந்தத் தொடரைப் பார்க்கிறேன். புத்தி கெட்டவள் என்றால் தலைமுடி அவிழ்ந்து கிடக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ. ஆஸ்பத்திரி என்றால் நீளமாக ஓர் இருட்டு நடை, ஒரு சங்கிலி, ஊசியை மேலே தூக்கிப் பீய்ச்சும் டாக்டர். அடுத்த வாரம் புருஷன் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். அவளுக்குக் கண்ணீர் முட்டும், எல்லாம் தெளிந்துவிடும். இதையெல்லாம் ஏம்மா பார்க்கிறாய் என்று மகன் பெங்களூரிலிருந்து போனில் கேட்கிறான். இந்த வீட்டில் வேறு என்ன சத்தம் இருக்கிறது, நீயே சொல்.

நீ ராசிங்காபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. அப்பாவும் ஆத்தாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். போடியில் ஒரு ஓட்டு வீடு, போடிமெட்டுக்கு அந்தப்புறம் அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த துண்டு ஏலத்தோட்டம், நாம் மூன்று பேர், அவ்வளவுதான் குடும்பம். காய் பறிக்கும் மாதங்களில் மூவரும் மலைக்கு ஏறிவிடுவோம். ஸ்டோர் என்கிற புகைக்கொட்டகையில் காய வைத்த ஏலக்காயைச் சுளகில் போட்டுப் புடைத்துத் தரம் பிரிப்பது நம் இருவர் சோலி. உன் கைவேகத்துக்கு அந்த மலையில் ஆள் கிடையாது. வாய்வேகத்துக்கும்தான். நான் ஒரு சுளகு முடிப்பதற்குள் நீ மூன்று முடித்துவிட்டு, "என்ன புள்ள, ஒவ்வொரு காய்க்கும் பேரு வச்சுக்கிட்டு இருக்கியா?" என்பாய்.

டிவியில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். குழந்தை செத்திருக்கும், இல்லை புருஷன் இன்னொருத்தியைக் கட்டியிருப்பான். உனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அண்ணன் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை. மழை விட்ட ஒரு வாரத்தில் உன் தூக்கம் போயிற்று. பிறகு சோறு வேண்டாம் என்றாய். ஸ்டோர்ப் புகைக்கூண்டுக்குள் இரண்டு பேர் உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாய், அதையும் வெகு சாதாரணமாக, குழம்புக்கு உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னாய். நான் ஓடிப்போய்க் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். நீ சொன்னால் நான் நம்பாமல் இருந்த பழக்கம் கிடையாதே.

மலையில் ஒருத்தர் பிதற்றினால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மலைக்காய்ச்சல் என்போம், கொயினா மாத்திரை கொடுப்போம். உடம்பு சுடவே இல்லை, ஆனாலும் கொடுத்தோம். அது கேட்கவில்லை என்றதும் கீழே கூட்டிவந்து கோடாங்கி வைத்து உடுக்கு அடித்தோம். கன்னிமார் பிடித்திருக்கிறது என்றார் அவர். கடைசியில் போடி டாக்டர்தான் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டணத்துக்குக் கொண்டுபோ, அங்கே இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார். ரயிலில் மதுரை போய், அங்கிருந்து வண்டி மாறிப் பட்டணம் போனோம். வழி நெடுக நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாய்.

அந்த ஆஸ்பத்திரியை நான் புகழ மாட்டேன். கதவுகளுக்கு வெளித் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். உனக்கு நாலைந்து தடவை கரண்டு வைத்தார்கள். அதைப் பற்றி நீ பிற்பாடு சொன்னது, நாக்கைக் கடித்துப் புண்ணாகி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்பது மட்டும்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் நடந்தது டிவிக்காரர்களுக்கு எதற்கும் உதவாது. வேப்பமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு, தூங்குகிறாளா, எத்தனை வேளை சாப்பிடுகிறாள், குளிக்கிறாளா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைப் பார்த்தே பேசினார்.

ஏழு மாதம் கழித்து உன்னை அழைத்துவரப் போனோம். புதிதாக வந்த மாத்திரை, நன்றாகக் கேட்கிறது என்று பழுப்பு பாட்டில் ஒன்றை என் கையில் கொடுத்தார் அதே டாக்டர்.

"நல்லா ஆயிட்டாங்கன்னு உங்களுக்கே தோணும்மா. அப்பவும் நிறுத்தக் கூடாது."

இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

பேச்சுக் குரல்கள் போய்விட்டன. அவற்றோடு நீயும் பாதி போய்விட்டாய். உடம்பு ஊதி, நடை தளர்ந்து, பேச்சுக்குப் பேச்சு கொட்டாவி விட்டாய். வெயில் பட்டால் முகம் தடித்துச் சிவந்தது. அதையெல்லாம் நீ பொறுத்துக்கொண்டாய். கை நடுக்கத்தைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. மலைக்குப் போனோம், சுளகை எடுத்தாய், காய் முழுவதும் தரையில் சிதறியது. மற்றப் பெண்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்கள். நீ குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாய்.

"எனக்குத்தேன் ஒண்ணுமில்லையே புள்ள. இன்னும் எதுக்கு இந்த மாத்திர?"

மலைக்காரர்களுக்கு மாத்திரை என்றால் கொயினாதான், மதினி. காய்ச்சல் நடுக்கம் விட்டால் நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு தின்றால் காது இரைந்து செவிடாகிவிடும். மிச்சத்தைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும், வீட்டில் அடுத்த ஆள் படுத்தால் ஆகும். சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது அதுதான். உனக்கோ நோய் விட்டுப்போய், மருந்தால் நடுக்கம் வந்திருக்கிறது. எனக்குக் கணக்கு மிகச் சுலபமாகத் தெரிந்தது. அந்த டாக்டருக்கு ஏலமலையைப் பற்றி என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். பாட்டிலைத் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். உன்னிடம், மாத்திரை போதும், ஆனால் அண்ணன் காதில் போட வேண்டாம் என்றேன். நீ சின்னப்பிள்ளை மாதிரி என் கன்னத்தைக் கிள்ளினாய்.

தினமும் காலையில் அண்ணன் கேட்பார், "தாயி, மதினிக்குக் குடுத்தியா?" குடுத்துட்டேண்ணே என்பேன். நாக்குக் கூசவில்லை. ஏனென்றால் நீ நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தாய். கை நின்றது. முகம் தெளிந்தது. நான் ஒரு சுளகு முடிப்பதற்குள் நீ இரண்டு முடித்தாய். மூன்றாம் வாரம் என்னைப் பழையபடி கேலி பேசத் தொடங்கினாய். சிலமலையில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவர் மீசையைப் பற்றி நீ சொன்னதை இப்போதும் எழுத்தில் எழுத முடியாது. என் ஆயுசில் நான் ஆக மகிழ்ச்சியாக இருந்தது அந்த நாற்பது நாள்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒரு நாள் காலை நீ மறுபடி புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஓடிப்போய் டின்னைத் திறந்து மாத்திரையைக் கொண்டுவந்தேன். இதற்குள் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று என் கையைத் தட்டிவிட்டாய். மறுநாள் மத்தியானம் உன்னைக் காணவில்லை. தோட்டத்து ஆட்கள் சரிவு சரிவாக இறங்கித் தேடினார்கள். யானை இறங்கும் காடு. அண்ணன் உன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனார். எந்தத் தொடரிலும் அதற்கு மேல் உருக்கமாக ஒரு புருஷன் கூப்பிட்டதில்லை. நீ வரவில்லை. இரண்டாம் நாள் காலை தேவாரத்துப் பக்கம் மலையடிவாரத்தில் சோளக்காட்டுக் காவல்காரர்கள் உன்னைப் பார்த்து, மாட்டுவண்டியில் போடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உன் பாதம் இரண்டும் கிழிந்திருந்தன.

மறுபடியும் அதே ரயில், அதே வேப்பமரம், அதே டாக்டர். எடுத்தவுடன் அவர் கேட்டது ஒன்றுதான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று. அண்ணன் என் பக்கம் திரும்பினார். சந்தேகப்பட்டு அல்ல. நான்தானே கொடுத்தவள், பதில் சொல்வேன் என்று பார்த்தார். அதுவரை சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்த நீ, டாக்டர் முகத்தை நேராகப் பார்த்தாய்.

"இந்தப் புள்ள குடுத்துச்சு. நாந்தேன் துப்பிட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி சுவரோடு பேசப் போய்விட்டாய். டாக்டர் பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ரயிலில் அண்ணன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

நீ திரும்பி வந்தபோது டாக்டர் பாட்டிலை அண்ணனிடம் கொடுத்திருந்தார். நோயாளி துப்பிவிடுகிறவள், விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை அண்ணன் முன்னால் நின்று தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாய். அவர், சரி ஆத்தா, போ என்பார். விருந்தாளி இருந்தாலும் காட்டுவாய், தலையில் நரை விழுந்த பிறகும் காட்டினாய். சிலமலையிலிருந்து பஸ் ஏறி உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். குழந்தைக்குக்கூட ஒரு வயதுக்கு மேல் அப்படி வாய் பார்ப்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உன் வாயைப் பார்த்தார்கள். அந்த மருந்தால்தான் நீ வீட்டில் இருந்தாய், சமைத்தாய், நடுங்கும் கையோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுளகும் பிடித்தாய். இடையில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாய். சட்டென்று ஒரு நாளும் தெளியவில்லை. இப்படியே தினம் தினம் ஒவ்வொரு மாத்திரையாக உன் வாழ்க்கையை வாழ்ந்தாய். இதை எந்த டிவியில் காட்டுவார்கள்?

அண்ணன் போன பிறகு நீ என்னிடம் வந்தாய். என் வீட்டுக்காரரும் அதற்குள் போய்விட்டிருந்தார். முதல் நாள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஏன் மதினி அப்படிச் சொன்னாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். உனக்கு நினைவிருக்காது என்றுதான் அத்தனை வருஷமும் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்தாய், யோசிக்கவே இல்லை.

"ஒனக்குக் கலியாணம் வச்சிருந்துச்சு. நீ மாத்திரய ஒளிச்சேன்னு தெரிஞ்சா ஒன்னைய எவன் கட்டுவான்? நான் ஏற்கெனவே பைத்தியம்னு பேரு வாங்குனவ. எம்மேல இன்னொண்ணு ஏறுனா என்ன புள்ள?"

டிவியில் பைத்தியம் என்றால் முழுப் பைத்தியம். உள்ளே ஆள் இருக்காது. நீ புகையில் குரல் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் என் கல்யாணத் தேதியை நினைவில் வைத்திருந்தாய். படித்த நான் வாயடைத்து நின்றேன். யாருக்கு அன்று புத்தி தெளிவாக இருந்தது என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் வரும்.

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கும் ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று டப்பா நிறைய மாத்திரை. சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. காலையில் விழுங்கிவிட்டுக் கூடத்தில் நின்று வாயைத் திறக்கிறேன். நாக்கைத் தூக்குகிறேன். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தேன், பிறகு விட முடியவில்லை. யாரும் சரி ஆத்தா, போ என்று சொல்வதில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் உன் பழைய காகிதங்கள் இன்னும் கிடக்கின்றனவோ, கறையான் தின்றுவிட்டதோ. அதில் எழுதியிருப்பது பொய். அண்ணனிடம் சொல்லாததை, என் பிள்ளையிடம்கூடச் சொல்லாததை, இதோ என் கையால் எழுதி வைக்கிறேன். நீ ஒரு நாளும் மாத்திரையைத் துப்பியதில்லை, மதினி.