பாய்லர் பரீட்சைக்குப் போனவனுக்கு

இன்று காலை என் மனைவி குக்கரின் வெயிட்டில் பாக்குவெட்டியை மாட்டி வைத்திருந்தாள். இந்தக் குளிரில் பருப்பு வேக மாட்டேன் என்கிறதாம். நான் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பருப்புக்குப் பயந்து ஓடிய கதை லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவிவிடும். பரவட்டும். வாசலில் மூச்சு வாங்க நின்றபோது உன் ஞாபகம்தான் வந்தது.

நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லரைப் பார்த்துக்கொண்டவன் நீ. நீராவி அளவு மிஞ்சினால் தானாகத் திறந்து வெளியே விட அதன் தலையில் ஒரு வால்வு இருந்தது. அந்தக் கிழட்டு வால்வோ, பாதியிலேயே கசிய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் விறகும் நனைந்திருக்கும். ஸ்டீம் ஏறாது, காயாமல் இலை புளிக்கும், மேனேஜர் துரை கத்துவார். நீ வால்வின் கையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிடுவாய். ஸ்டீம் ஏறிவிடும், துரை அடங்கிவிடுவார்.

ஆயுத பூஜையில் பாய்லருக்குச் சந்தனம் பூசும்போது அந்த இரும்புக்கும் ஒரு பொட்டு வைப்பாய். சுண்டல் தின்ன வந்த துரை ஒரு வருஷம் இதற்கு எதற்குப் பொட்டு என்று கேட்டார். நீ விளக்கினாய். அவர் உன் தோளில் தட்டிச் சிரித்தார். அந்தத் தோளை நீ ஒரு வாரம் கழுவவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதே துரைதான் ஒருநாள் கூப்பிட்டு, இனிமேல் பாய்லருக்குச் சர்டிபிகேட் உள்ள ஆள்தான் வேண்டும், நீ பாஸ் பண்ணினால் நிரந்தர வேலையும் உத்தியோகஸ்தர்களுக்கான ஸ்டாப் வீடும் உனக்கு, இல்லாவிட்டால் வெளியாள் வருவான் என்றார். உன் மனைவி அன்றைக்கே ஸ்டாப் வீட்டு ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்துவிட்டாள்.

நீ என்னிடம் வந்தாய். மூன்றாம் படிவப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதித் தேறிய மேதை நான். பல்பு மாற்றத் தெரியாது. ஆனால் கையில் காகிதம் இருந்ததால் கிராணி. பரீட்சைப் புத்தகம் மலாயில் இருந்தது. நான் வாசிப்பேன், நீ கண்ணை மூடித் திருப்பிச் சொல்வாய். பாதியில், “இவனுங்க பாய்லரப் பாத்திருக்கானுங்களாடா?” என்பாய். “பாத்தா என்ன, பாக்காட்டி என்ன, ஒப்பிச்சிட்டு வா லா” என்பேன்.

பரீட்சைக்காக ஈப்போ நகரத்துக்கு நானும் உன்னோடு வந்தேன். நெருப்பு மூட்டிக் காட்டச் சொன்னார்கள்; நீ மூட்டிய விதத்தைப் பார்த்து அதிகாரி தலையாட்டினார். கதவோரம் உட்கார்ந்திருந்த நான் மனசுக்குள் திரைச்சீலையே மாட்டிவிட்டேன். அப்புறம் அவர் வாய்க்கேள்வி கேட்டார். ஸ்டீம் ஏற நேரமானால் என்ன செய்வாய்?

நாம் அதிகம் ஒப்பித்த கேள்வி அதுதான். நீயோ அவரை நல்ல மனுஷன் என்று நம்பிவிட்டாய். புத்தகத்தை விட்டுவிட்டு, உனக்குத் தெரிந்த மலாயில், கையை ஆட்டி ஆட்டி, தண்டவாளத் துண்டின் கதையைச் சொன்னாய். எங்கள் துரையே பாராட்டியிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டாய். அவர் பேனாவை மூடி வைத்தார். அது வெடித்தால் தொழிற்சாலையில் ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டார் என்று மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் தாப்பா மலை ஏறினோம். அப்புறம் கேட்டாய்: “ஏன்டா, இத்தன வருஷமும் நான் தப்பாவா செஞ்சேன்?”

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் நான் அதிகாரியின் தொந்தியைப் பற்றி ஏதோ சொன்னேன். எனக்காக நீ சிரித்தாய்.

துரை அந்த இரும்பைத் தூக்கி எறியச் சொன்னார். அப்படியொன்று அங்கே தொங்கியதே தனக்குத் தெரியாது என்றார். சர்டிபிகேட்டோடு ஓர் ஆள் வந்தான். கெட்டவன் இல்லை, புத்தகத்தில் உள்ளபடி செய்தான். மழை வந்தது, இலை புளித்தது, துரை கத்தினார். பழைய ஆள் என்ன செய்தானோ அதையே செய் என்றாராம். அவன் உன் லயத்து வீட்டுக்கே வந்து நின்றான். “அண்ணே, அந்த இரும்ப எப்படி மாட்டுவீங்க?”

நானும் அங்கேதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாய். “மாட்டாதீங்க தம்பி. அது வெடிக்குமாம்.”

அவன் மாட்டவில்லை. புது வால்வு கேட்டான். துரை வேறு ஆளைத் தேடினார். உன்னை யாரும் தேடவில்லை. களை வெட்டும் காட்டு வேலைக்குத் தள்ளினார்கள். பிறகு நீயே காய்கறித் தோட்டங்கள் இருக்கும் லெம்பா பெர்த்தாமுக்குப் போய்க் கோஸ் மூட்டை லோரியில் ஏற்றினாய். பரீட்சைக்கு இன்னொரு தடவை போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், கை எதைத் தொட்டாலும் இது சரியா தப்பா என்று யோசிக்கிறது என்றாய். அப்படியே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

உனக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள் எனக்கு இன்னும் வரிசையாக வருகின்றன, குளிக்கும்போதுகூட. ஸ்டீம் ஏற நேரமானால் நெருப்பைப் பார், தண்ணீரைப் பார், பொறுத்திரு, வால்வைத் தொடாதே. வாய்க்கேள்விக்கு நாளைக்கே போய் நின்றாலும் ஒரு கேள்வியைக்கூட விட மாட்டேன். அந்தப் பாய்லர் ரூமுக்குள் நான் போனதெல்லாம் சுண்டல் தின்னத்தான்.