முதுகு காட்டி உட்காருகிற வேலை

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபம் காலி. மேனேஜர் சண்முகசுந்தரம் சாவியையே கையில் கொடுத்துவிட்டார். சாயங்காலம் மகள் பிரதீபாவைச் சக்கர நாற்காலியோடு உள்ளே தள்ளிப் போய், டேப் ஒட்டிக் கோடு போட்டோம்.

லாரிகளை எடை போடும் எடைமேடையில் என்னோடு வேலை பார்க்கும் காஜா நஜ்முதீன், "பொண்ணு என்னமோ பந்து வெளயாடுதாமேண்ணே?" என்றார். பொச்சியா என்றேன். தூரத்தில் ஒரு வெள்ளைப் பந்து. ஆளுக்கு ஆறு பந்து. யாருடையது வெள்ளைக்குக் கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் பாயிண்ட். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கை கால் வசத்தில் இல்லை, பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். அதனால் ஒரு சாய்பலகை. அதன் மேல் பந்தை வைத்து, நெற்றியில் கட்டிய குச்சியால் அவளே தள்ளுவாள். பலகையை நகர்த்த மட்டும் ஓர் ஆள். அது நான். களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பக் கூடாது, பேசக் கூடாது, அவள் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும்.

"உங்களாலயா?" என்று சிரித்தார் நஜ்முதீன். சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 23, புதன்

"இடது... கொஞ்சம்" என்றாள். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன், அது போதாது. இரண்டு விரற்கடை கூடவே நகர்த்தினேன். பந்து வெள்ளையை ஒட்டி நின்றது. அதற்கும் கோபம். நல்லாத்தானே போச்சு?

ஜூலை 30, புதன்

ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் உண்டா என்று நஜ்முதீன் கேட்டார். இல்லாமலா என்று அடித்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் பிரதீபாவுக்கு ஒரே சிரிப்பு.

"ஒலிம்பிக்ல கெடையாதுப்பா. பாராலிம்பிக்ல மட்டுந்தான். எம்பத்தி நாலுலேர்ந்து இருக்கு. ஓட்டம், நீச்சல் எல்லாம் ரெண்டுலயும் உண்டு. இது எங்களுக்குன்னே உள்ளது."

எங்களுக்கு என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும், அதில் நான் சேர்த்தியா இல்லையா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புதுச்சேரியில் தேர்வுப் போட்டி, தேசியப் போட்டிக்கு இரண்டு பேரை எடுக்கிறார்கள். நாலு மணி நேரம் வேனில். எதுவென்றாலும் காரைக்கால்காரன்தான் அங்கே போய் நிற்க வேண்டும்.

எழுதவே கை கூசுகிறது. கடைசிச் சுற்று. ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தாள். கடைசிப் பந்தைத் தள்ளினாள். அது உருண்டு போகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

பந்து நன்றாகத்தான் போய் நின்றிருந்தது. நடுவர் என்னைப் பார்த்துக் கை உயர்த்தினார். எதிராளிப் பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு பந்து. அதை வைத்துச் சமம் செய்தாள். அடுத்து ஒரு சுற்று வைத்தார்கள், அதில் அந்தப் பெண்ணே ஜெயித்தும் விட்டாள்.

முதல் இடம் போயிற்று. இரண்டாம் இடத்துக்கு அடுத்த மாதம் இன்னோர் ஆட்டம் உண்டாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பேசவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"தோத்ததுக்கு இல்லப்பா. நான் போட்ட பந்து மேல உங்களுக்கு நம்பிக்க இல்ல. அதான் திரும்புனீங்க. இனிமே தேவிகா பலகை புடிக்கட்டும்."

தேவிகா எதிர்வீட்டுப் பெண். பி.எட். படிக்கிறாள். அன்னபூரணியைப் பார்த்தேன். என் பெண்டாட்டியாயிற்றே, எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று. "அவ சொல்றது சரிதாங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்தொம்பது வருசம் தூக்கிச் சொமந்தவன் நான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், எங்க போனாலும் இந்தத் தோள்ல. இப்ப நான் வேணாம். பெத்தவன் திரும்பிப் பாக்காம வேற எவன் பாப்பான்? தப்பா அது?

தப்புதான். ஆட்டத்தில் தப்பு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முகூர்த்த நாட்கள் ஆரம்பித்துவிட்டன. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, மூன்று மணிக்கு மேல் மண்டபத்தில் பயிற்சியாம். போகவில்லை. வண்டியில் போகிற வழியில் ஜன்னலோரம் நிறுத்தினேன். தேவிகா கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் மகள் சொல்லச் சொல்ல நகர்த்துகிறாள், அவ்வளவுதான். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

புதுச்சேரிக்கு நான் போகவில்லை. டியூட்டி என்றேன், பொய். நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். நாலரைக்கு அன்னபூரணி போன் செய்தாள். பிரதீபா ஜெயித்துவிட்டாள். நவம்பரில் போபாலில் தேசியப் போட்டி.

அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லை.

நவம்பர் 22, சனி

போபாலில் இன்று அவள் ஆட்டம். தேவிகாவும் அன்னபூரணியும் கூடப் போயிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே டியூட்டி. பதினொன்றரைக்கு அன்னபூரணி முழு ஆட்டத்தையும் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். நஜ்முதீன் எட்டிப் பார்த்தார். "தொறங்கண்ணே." கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து வாசல்வரை போய் வந்தேன்.

ஒரு மணிக்குப் பிரதீபாவே கூப்பிட்டாள்.

"ஒரு பாயிண்ட்ல தோத்துட்டேன்ப்பா. வீடியோ பாத்தீங்கல்ல?"

"இல்லம்மா. நீ சொல்லு."

"மொதப் பந்துலேர்ந்தா?" என்றாள்.

"மொதப் பந்துலேர்ந்து."

சொல்ல ஆரம்பித்தாள். எவ்வளவு இடது, எவ்வளவு உயரம், ஏன் அப்படி. வார்த்தை நடுவில் சிக்கும். வழக்கமாக நான் புகுந்து முடித்துவிடுவேன். இன்று வாயை மூடிக்கொண்டு, அது வருகிறவரை காத்திருந்தேன். நாலாவது பந்துக்கு வந்தபோது எடைமேடையில் மூன்று நிலக்கரி லாரி வரிசை கட்டி ஹாரன் அடித்தன.

நிற்கட்டும் என்று நஜ்முதீனிடம் கையைக் காட்டினேன்.